ஒன்பது கிலோஹெர்ட்ஸ் காலை வணக்கம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்பதைப் போன வாரம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதால், அதை மறுபடி விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை. இங்கே உங்கள் அத்தை பரம சௌக்கியம். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறதாம், அது உடம்புக்கு நல்லதாம். நான் சௌக்கியமா என்றால், அதைச் சொல்லத்தான் நான்கு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், என் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாக ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி அனுப்பினீர்களே, அதை வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மாப்பிள்ளை கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மிச்சமிருந்த மரியாதையை அந்தப் பெட்டியே வாங்கிக்கொண்டுவிட்டதால், அதைப் பற்றி இனிமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பாதியை உங்கள் அத்தை போனில் தன் பாணியில் சொல்லியிருப்பாள், அதை நம்ப வேண்டாம். முப்பத்தொரு வருடம் நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். பதினாறு நடைமேடை, நூற்றெண்பது ஒலிபெருக்கி. ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதன் எதிரொலி கூரையில் முட்டி அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை. "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று நான் சொன்னால் மூன்று மணி நேரமாகக் கால் கடுக்க நின்றவன்கூட, பாவம் இந்த மனுஷன் என்ன செய்வார் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். அப்படிப்பட்ட குரலுக்குப் பதிலாக, நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தாலும் அதற்குச் சந்தோஷம், ரயில் ரத்தானாலும் அதே சந்தோஷம். என் பிரிவுபசார விழாவுக்கு வரவேற்புரையைக்கூட அதுதான் வாசித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆக, எனக்கென்று மிஞ்சியது ஹாம் ரேடியோ ஒன்றுதான். உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி, வீட்டிலிருந்தபடியே காற்றில் பேசுகிற பொழுதுபோக்கு. தினமும் காலை ஆறரைக்கு எங்கள் சங்கத்தின் காலை வட்டம். பதினோரு வருடமாக அதன் நடத்துநர் நான். ஒவ்வொருவராக நான் கூப்பிடுவேன், அவரவர் வந்து நலம் சொல்லிவிட்டுப் போவார்கள். என் குரலுக்காகத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் எட்டு மாடிக் கட்டிடம் கடலைப் பார்த்து நிற்பதால்தான் கொடுத்தார்களாம், சங்கத்தின் செயலாளர் இப்போது தெளிவுபடுத்திவிட்டார். கடலுக்குள் இருக்கும் கலங்கரை விளக்குத் தீவின் சிக்னல் எங்கள் மாடிக்கு மட்டும்தான் எட்டும். மற்றவர்கள் எல்லோரும் மலைக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். என் பழைய செட்டில் குரலுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு புள்ளி நான்கு கிலோஹெர்ட்ஸ் அகலம், அவ்வளவுதான். அது தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பியது, யாராலும் மாற்ற முடியாது. அந்தச் சந்துக்குள் நுழையாத அடித்தொண்டைக் கனத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் அனுப்பும். உங்கள் பெட்டியோ ஒரு சாப்பாட்டு டப்பா அளவு, திருக ஒரு குமிழ்கூடக் கிடையாது, சகலமும் மென்பொருள். கம்ப்யூட்டர் திரையில் 'அனுப்பும் அகலம்' என்று ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பொத்தான். இழுத்தால் இழுத்த பக்கம் வருகிறது. இந்த வீட்டில் நான் சொன்னபடி நகர்ந்த முதல் பொருள் அதுதான். முதல் வாரம் மூன்றுக்கு இழுத்தேன். அடுத்த வாரம் நாலரை. பிறகு ஆறு. கடைசியில் ஒன்பது. ஹெட்போனில் என் குரலை நானே கேட்டேன், மாப்பிள்ளை. பதினாறு நடைமேடையும் எழுந்து நின்றதுபோல் இருந்தது. போன குரல் திரும்பி வந்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதை உங்கள் அத்தையிடம் சொல்ல வேண்டாம். நமக்கு மட்டும் அகலம் இருந்தால் போதுமா, பேசுகிற மற்றவர்களுக்கும் வேண்டாமா என்ற பெருந்தன்மையில், 'பெறும் அகலம்' என்ற கோட்டையும் ஒன்பதுக்கு இழுத்துவிட்டேன். பழைய செட்டை அன்றே ஒரு கல்லூரிக்குத் தானம் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

நான் கெட்டுப்போனதற்கு நான் மட்டும் காரணமில்லை, எங்கள் ஆட்களின் மரியாதையும் காரணம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய சிக்னலுக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, ஒன்பது என்றால் பலமாக வந்து விழுகிறது. ஐந்து ஒன்பதுதான் உச்சம். எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் எப்போதும் ஐந்து ஒன்பதுதான். ஒருமுறை ஒருத்தர் மைக்கின் ஒயரே அறுந்துகிடந்து சத்தமே வராமல் இருந்தார், அவருக்கும் ஐந்து ஒன்பது கொடுத்தோம். ஆறு கிலோஹெர்ட்ஸில், "என் குரல் எப்படி இருக்கிறது?" என்று வட்டத்தில் கேட்டேன். "ஐந்து ஒன்பது சார்" என்றார்கள். ஒன்பதில் கேட்டேன். "ஐந்து ஒன்பது சார், பிரமாதம்" என்றார் பல் டாக்டர். அவர் வாயில் பிரஷ்ஷோடு வட்டத்துக்கு வருகிறவர். அந்த வாயிலிருந்து பிரமாதம் என்று வந்தால் ஒரு மனிதன் நம்பாமல் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அத்தை மட்டும் சமையலறையிலிருந்து, "யாருங்க, மிக்ஸியைப் போட்டுக்கிட்டே பேசுற மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். வானொலியின் நுணுக்கம் தெரியாதவள் என்று நான் மன்னித்துவிட்டேன். அதற்குள் எங்களுக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி, காற்றிலேயே சதுரங்கம் ஆடும் நாலு பேர் சங்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார்கள். என் காலை வணக்கம் அவர்கள் பலகையின் மேல் வந்து விழுகிறதாம். ஒருத்தருக்கு ராணியே போய்விட்டதாம். ராணியைக் காப்பாற்றத் தெரியாதவன் என் வணக்கத்தைக் குறை சொல்கிறான் என்று நான் பதில் எழுதினேன். அதுதான் செயலாளரை நேரே வீட்டுக்கு வரவழைத்தது.

செயலாளருடைய தொழில் நில அளவை. கண்ணில் பட்டதையெல்லாம் எல்லை, வேலி, ஆக்கிரமிப்பு என்றுதான் பார்ப்பார். காலை ஆறு இருபதுக்குக் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். காகிதத்தில் காலை வட்டத்தின் படம். ஒவ்வொரு குரலும் ஒரு நிறக்கோடாகத் தெரியும் படம், அது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் விரல் அகலம். நடுவில் நான் மிதியடி அகலத்துக்குப் படுத்திருக்கிறேன். "சார், உங்களுக்கு ஒதுக்குனது ஒரு வாசப்படி. நீங்க தெருவையே வளைச்சுச் சுவர் எழுப்பியிருக்கீங்க" என்றார். உட்காருங்கள், முதலில் வட்டம் முடியட்டும் என்றேன். ஒரு கலைஞன் வேலை செய்வதை நேரில் பார்த்தால் இவருக்கும் புத்தி வரும் என்பது என் எண்ணம்.

எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியாகத் தீவுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கலங்கரை விளக்கின் மெக்கானிக். நாலு மாதப் பணி, தீவில் தனியாள். உங்கள் பெட்டி வந்த பிறகுதான் வட்டத்தில் சேர்ந்தார். ஒரு சின்ன பேட்டரியில் ஓடுகிற குட்டி ரேடியோ அவருடையது, கொசு பேசுவதுபோல் வரும். அன்றைக்கும் வந்தார். என் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் வாசல் வழியே கடல் இரைச்சல்போல் ஒரு இரைச்சலும், சதுரங்கக்காரர்களின் குதிரையும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு முனகலும் வந்தன. முனகல் நின்றதும் நான் என் முழுக் கம்பீரத்தோடு, "தீவு நிலையத்துக்கு வணக்கம். தங்கள் சிக்னல் ஐந்து ஒன்பது. தாங்கள் நலம் அறிந்து மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதினேன்.

"அவர் என்ன சார் சொன்னாரு?" என்று கேட்டார் செயலாளர்.

"நல்லா இருக்கேன்னு சொன்னாரு."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"தினமும் அதைத்தானே சொல்றாரு."

வாசற்படியில் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்ற உங்கள் அத்தை, "முந்தாநேத்து நலம் கொஞ்சம் அழுத மாதிரி இருந்துச்சு" என்றாள்.

ஸ்பீக்கரில் அந்த முனகல் மறுபடி தொடங்கியது. செயலாளர் என்னிடம் கேட்காமலே என் கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து, பெறும் அகலத்தை உள்ளே தள்ள ஆரம்பித்தார். ஆறுக்கு வந்ததும் குதிரை போனது. மூன்றுக்கு வந்ததும் பாதி இரைச்சல் போனது. ஒன்று புள்ளி எட்டுக்கு வந்ததும் ஒரு மனிதக் குரல் மெலிந்துபோய், ஆனால் எழுத்துக்கு எழுத்து தெளிவாக வந்து நின்றது. "ஐயா, பல்லு. பல்லு வலிங்க. ஒன்பது நாளா சொல்றேன். யாராவது அந்தப் பல் டாக்டர்கிட்ட சொல்லுங்கய்யா. முகம் வீங்கிப்போச்சு. முழுங்க முடியல. ஆபீஸ் செட்டு ரிப்பேரு. படகு ஒண்ணாந்தேதிதான் வரும். யாருக்காவது கேக்குதா?" என்றது.

பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது நாள், என் அழகான கையெழுத்தில், ஐந்து ஒன்பது, நலம். வலியில் துடிக்கிற ஒருவனிடம் ஒன்பது காலையாக நான் மிக்க மகிழ்ச்சி தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மைக்கைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நான் பேசினா வேகமாப் பேசிடுவேன் சார், அவருக்குப் புரியாது. நீங்க பேசுங்க. ஆனா இதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்" என்று சொல்லி, என் அனுப்பும் அகலத்தையும் அதே ஒன்று புள்ளி எட்டுக்குத் தள்ளினார். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "பவர் அதேதான் சார். அண்டாவுல பரப்பி ஊத்தினா அடியிலதான் நிக்கும், டம்ளர்ல ஊத்தினா நிறையும். அவர் செட்டு டம்ளரு. நீங்க பரப்புனதுல பாதிக்கு மேல அவருக்குப் போய்ச் சேரவே இல்ல" என்றார். பதினோரு வருடத்தில் இந்த மனிதர் சொல்லி எனக்கு ஒன்று புரிந்தது அன்றுதான்.

பேசினேன். ஹெட்போனில் கேட்ட என் குரல் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு குமாஸ்தாவின் குரல்போல் இருந்தது. தீவுக்காரர், "கேக்குது, கேக்குது, நல்லாக் கேக்குது" என்று அழுதுவிட்டார். பல் டாக்டரின் சிக்னல் தீவுக்கு எட்டாது, ஆகவே அவர் என்னிடம் சொல்ல, நான் தீவுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் பிரஷ்ஷைத் துப்பிவிட்டு, "வீக்கம் எதுவரைக்கும்னு கேளுங்க, வாய் எவ்வளவு திறக்குது, காய்ச்சல் இருக்கா, மூச்சு விடச் சிரமமா, சீக்கிரம் சீக்கிரம்" என்று ஒரே மூச்சில் கொட்டினார். நான் அதை ஒவ்வொன்றாகப் பிரித்து, "வீக்கம். எதுவரை. இருக்கிறது" என்று, ஒன்று அடங்கிய பிறகு அடுத்ததாக அனுப்பினேன். "கழுத்து வரைக்கும் இறங்கிடுச்சுங்க" என்று பதில் வந்தது. அதை டாக்டரிடம் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. "கழுத்துக்கு இறங்கிட்டா அது பல்லு விஷயம் இல்ல சார், மூச்சு விஷயம். இன்னிக்கே படகு போகணும்" என்றார். செயலாளர் எழுந்து வராந்தாவுக்குப் போய் துறைமுகத்துக்குப் போன் போட்டு, அளவைத் துறையின் மொத்த அதிகாரத்தையும் குரலில் சேர்த்துக் கத்தினார். அதற்குள் தீவின் மருந்துப் பெட்டியில் இருந்த மாத்திரை அட்டைகளின் பெயரைத் தீவுக்காரர் எழுத்தெழுத்தாகப் படிக்க, நான் டாக்டருக்குத் திருப்பிப் படித்துக்காட்டி, எது, எத்தனை, எப்போது என்று வாங்கி மறுபடி தீவுக்கு அனுப்பினேன். படகு கிளம்பியது என்று தெரியும்வரை மூன்று மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உங்கள் அத்தை கொண்டுவந்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

படகு கண்ணுக்குத் தெரிகிறது என்று தீவுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, "ஐயா, நீங்க புதுசா? இதுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரே, அவர் பேசினா பக்கத்துல மோட்டார் ஓடுற மாதிரியே இருக்கும். ஒரு வார்த்தை விளங்காது. அவர் போயிட்டாரா?" என்று கேட்டார்.

செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். உங்கள் அத்தை தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். நான், "அவர் ஓய்வு பெற்றுவிட்டார்" என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க" என்றார்.

அந்த மனிதர் பிழைத்தார். கழுத்தில் கீறிச் சீழ் எடுத்தார்களாம், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று உங்கள் அத்தை சொன்னாள். அவள் மட்டும் போனாள். நான் போய் வாயைத் திறந்தால் மோட்டார் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் வீட்டிலேயே இருந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றதாகக் காற்றில் அறிவித்துவிட்டபடியால், நடத்துநர் பொறுப்பையும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்காகவாவது செயலாளர் பெட்டியை மூட்டை கட்ட விட்டிருக்கலாம். அவரோ தீவுக்கு இந்த மாடியை விட்டால் வேறு வழியில்லை என்று சொல்லி, தினமும் காலை ஆறேகாலுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு புள்ளி நான்கில் வட்டம் நடத்துகிறார். உங்கள் அத்தை அவருக்கு பிஸ்கட் வேறு வைக்கிறாள். எனக்கு இருபது வருடமாக டீ மட்டும்தான். முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த நாற்காலியை ஒரு கம்ப்யூட்டருக்கு விட்டுக் கொடுத்தேன், இப்போது ஒரு நில அளவைக்காரருக்கு. என் வீட்டு வரவேற்பறையில், நானே பார்க்க, வட்டம் நடப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. "பெட்டியை அனுப்பிட்டா அந்தத் தீவுக்காரருக்கு யாருங்க?" என்று உங்கள் அத்தை கேட்கிறாள். அவர் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார், வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். பெட்டி, ஒயர், ஹெட்போன், அதோடு வந்த நாற்பது பக்கக் கையேடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகவும். கையேட்டை நான் திறக்கவே இல்லை, புத்தம் புதிதாக இருக்கிறது.

உங்களுக்கும் என் மகளுக்கும் எந்தக் குறையும் வராமல், வீட்டில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும்படியாக நீடூழி வாழ மாமாவின் மனப்பூர்வமான ஆசிகள். மகளிடம் அப்பா கோபமாக இல்லை என்று சொல்லவும். இருக்கிறேன், ஆனால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி மேஜையில் வைத்திருந்தேன், இப்போது பிரித்து இதைச் சேர்க்கிறேன். இன்று காலை நான் குளியலறையில் இருந்தபோது வட்டத்தில் தீவு வந்தது. மனிதர் நேற்றே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். செயலாளர் ஐந்து ஒன்பது கொடுத்து நலம் விசாரித்திருக்கிறார். தீவுக்காரர், "நலமா இல்லையான்னு அந்த மெல்லிசுக் குரல்காரர்கிட்டத்தான் சொல்லுவேன், அவர் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் அத்தை கதவைத் தட்டோ தட்டென்று தட்ட, தலையில் சோப்போடு ஓடிவந்து பேசினேன். இருபது நிமிடம் பேசினோம். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆகவே மேலே எழுதிய நான்கு தாளையும் மறந்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், ஆனால் பெட்டியின் பக்கம் கைவைக்கக் கூடாது. இன்னொன்று, தீவுக்காரர் பணி முடிந்ததும் என்னைப் பார்க்க வீட்டுக்கு வரப்போகிறாராம். அந்த மோட்டார்க்காரர் யார் என்று உங்களை எப்போதாவது கேட்டால், அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.